மூன்றாவது துளை

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். மற்றவர் பள்ளியில் கணக்கு. மின்சாரத்தோடு எங்களுக்கு இருந்த உறவு கட்டணம் கட்டுவதோடும், ஃப்யூஸ் போனால் தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்வதோடும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட நாங்கள் 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் பழைய மின்கார் ஒன்றை வாங்கினோம். 24 யூனிட் கொள்ளும் பேட்டரி உடைய சிறிய கார். பெட்ரோல் விலையைப் பற்றிய வீட்டுப் புலம்பல்கள் ஒரு காரணம். வாரம் ஒரு முறையாவது ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவர வேண்டும் என்பது வெளியில் சொல்லிக்கொள்ளாத இன்னொரு காரணம். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாள். பாளையங்கோட்டைக்கு வந்துவிடு என்றால் வருவதில்லை. சங்கரன்கோவிலுக்கு அப்பால் இருக்கிற அந்த வீட்டை விட்டு இரண்டு நாள் தங்கினாலே அவளுக்கு உறக்கம் போய்விடும்.

காரை விற்றவர் அதனோடு வந்த கேபிளையும் தந்தார். ஆனால் அதன் நடுவில் இருக்கும் பெட்டிக்குள் எப்போதோ தண்ணீர் புகுந்திருக்கிறது, விளக்கு எரியவில்லை. ஆகவே புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுவரைத் துளைத்துத் தனிக்கம்பி இழுத்து நிலையான பெட்டி பொருத்துவதற்கு வீட்டுக்காரர் இசையவில்லை. அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. எனவே வீட்டிலும் பயன்பட வேண்டும், ஊருக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு கடை ஏறினோம்.

கடையில் எங்கள் முதல் கேள்வி, எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான்: 'எது சீக்கிரம் ஏற்றும்?'

அந்தக் கேள்வி எவ்வளவு பிழையானது என்பதை அறிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

*

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சார்ஜர் என்று கடையில் சொல்கிறோம். எழுதும்போது மின்னேற்றி என்கிறோம். ஆனால் கையில் தூக்கிச் செல்கிற அந்தப் பெட்டி எதையும் ஏற்றுவதில்லை. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்சாரம். மாற்றித் தருகிற கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான சார்ஜர் அதுதான். எங்கள் காரில் இருப்பது 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. 7 கிலோவாட் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினாலும் அது தன் வாய் கொள்ளும் அளவையே எடுத்துக்கொள்ளும். 'பெரிதாக வாங்கிவிடுவோம், பிற்காலத்துக்கு ஆகும்' என்று கிளம்பியவர்களுக்கு இது முதல் பாடம்.

அப்படியானால் இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? எங்களில் தமிழ் படித்தவருக்குத் தோன்றிய விடை: இது தூது போகிறது. சுவரில் இருக்கும் பிளக்குக்கும் காருக்கும் இடையே நின்று பேசுகிறது. காரின் வாயில் செருகும் ஏழு முனைகளில் ஒன்று மின்சாரத்துக்கு உரியதே அன்று, பேச்சுக்கு உரியது. அதன் வழியே பெட்டி நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு சிறு அலையை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அலை எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதுதான் செய்தி. பத்தில் ஒரு பங்கு உயர்ந்து நின்றால் 'ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்காதே' என்று பொருள். ஏறத்தாழ 17 விழுக்காடு என்றால் பத்து ஆம்பியர். 27 விழுக்காடு என்றால் பதினாறு. கார் அதைக் கேட்டுக்கொண்டு, அந்த முனையின் மின்னழுத்தத்தைச் சற்றே இறக்கிக் காட்டித் தன் சம்மதத்தைச் சொல்கிறது. அதன் பிறகே பெட்டிக்குள் இருக்கும் கதவு திறக்கிறது. அதுவரை கேபிளின் மறுமுனையில் மின்சாரமே இராது. குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது.

திருக்குறளில் தூது என்று ஓர் அதிகாரமே உண்டு, 69ஆவது. தூதனுக்கு அங்கே வேண்டப்படுகிற பண்புகளுள் ஒன்று, சொல்ல வேண்டியதை அஞ்சாமல் சொல்வது. கேட்கிறவர் முகம் கோணுமே என்று செய்தியை மாற்றுகிறவன் தூதன் ஆகான். வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்துகிற இந்தப் பாடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் எங்களுக்குத் திரும்ப நடத்தப்படும் என்று அப்போது தெரியாது.

*

கடையில் எங்கள்முன் மூன்று வகைகள் வைக்கப்பட்டன. முதலாவது, ஒரே அளவில் இழுக்கும் சாதாரண வகை. வீட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் செருகினால் போதும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரண்டாவது, ஆறு, எட்டு, பத்து, பதின்மூன்று, பதினாறு என்று பொத்தானை அழுத்தி அளவை வைத்துக்கொள்ளும் வகை. மூன்றாவது, முப்பத்திரண்டு ஆம்பியர் வரை போவது. அதற்கு நீல நிறத்தில் இருக்கும் தொழிற்கூட சாக்கெட் வேண்டும்; வீட்டுப் பிளக்கில் மாட்ட ஒட்டுவால் ஒன்றும் உடன் தருகிறார்கள். ஒட்டுவாலை மாட்டிவிட்டு அளவைக் குறைக்க மறந்தால் சாக்கெட் கருகும், அல்லது எம்.சி.பி. விழும். மறதி எங்கள் குடும்பச் சொத்து. எனவே மூன்றாவதை விட்டோம்.

எங்களில் கணக்குக்காரர் அங்கேயே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் என்றால் 1.38 கிலோவாட். பத்து என்றால் 2.3. பதினாறு என்றால் 3.68. வழியில் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோ வெப்பமாக வீணாகும். நாங்கள் இருவரும் நாளொன்றுக்கு ஓட்டுவது நாற்பது கிலோமீட்டர். அதற்கு ஆறு யூனிட் போதும். பத்து ஆம்பியரில் மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். ஆறு ஆம்பியரில் ஐந்து மணி நேரம். நாங்களோ இரவு ஒன்பதுக்குக் காரை நிறுத்தினால் காலை ஆறு வரை எடுப்பதில்லை. ஒன்பது மணி நேரம் ஆறே ஆம்பியரில் ஏறினாலும் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் அளவுக்குச் சேர்ந்துவிடும். 'அப்போ எதுக்கு நமக்கு அவசரம்?' என்று தாளை மடித்தார். உறங்குகிற நேரத்தில் வேகத்துக்கு என்ன மதிப்பு?

வேகத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எட்டைப் பதினாறு ஆக்கினால் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. கிரைண்டரும் இஸ்திரிப்பெட்டியும் அந்த பிளக்கில் அரைமணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் அப்படியன்று, இரவு முழுக்க ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும். ஆகவே இரண்டாவது வகைதான், அளவைக் குறைத்துக்கொள்ளக் கூடியதுதான், என்ற முடிவுக்கு வந்தோம்.

அந்த இரண்டாவது வகையிலேயே இரண்டு பெட்டிகள் இருந்தன. கடைக்காரர் ஒன்றை முன்னுக்குத் தள்ளினார்.

'சார், ஊர்ப்பக்கம் கொண்டு போவீங்கன்னா இதை எடுங்க. எர்த்து இல்லாட்டாலும் ஏறும். இந்தப் பட்டனை அமுக்கி வச்சா போதும். மத்தது ரொம்ப நொரநாட்டியம் பண்ணும். எர்த்து சரியில்லன்னா செவப்பு லைட்டைப் போட்டுட்டு உக்காந்துக்கும்.'

உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: எங்கள் இருவர் மனமும் அந்தப் பொத்தான் உள்ள பெட்டியின் பக்கமே சாய்ந்தது. ஊர் வீட்டின் வயரிங் எத்தனை பழையது என்று எங்களுக்குத் தெரியும். மற்றதை வாங்கியதற்கு ஞானம் காரணமன்று. பொத்தான் பெட்டியின் மேல் எந்தத் தரக்குறியும் இல்லை. மற்றதன் முதுகில் ஐ.இ.சி. 62752 என்ற எண் பொறித்திருந்தது. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தில் சோதித்த சான்றின் நகலும் இருந்தது. சான்றிதழைப் பார்த்தால் நம்பிவிடுவது ஆசிரியர்களின் பலவீனம். 'நொரநாட்டியம்' பண்ணுவதையே வாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.

*

பாளையங்கோட்டை வீட்டில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்துப் பெட்டியை அதில் தொங்கவிட்டோம். பெட்டியின் கனத்தைப் பிளக்கின் முனைகள் சுமக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தோம். இரவில் பச்சை விளக்கு மெல்ல மின்னிக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதன்முறையாகக் காரை ஊருக்கு எடுத்துச் சென்றோம். மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் என்று போகிற சாலை. தொலைவில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அன்று பிற்பகலே அம்மாவை ராஜபாளையத்துக்குக் கண் காட்ட அழைத்துப்போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தியபோது பேட்டரியில் இருந்தது 19 விழுக்காடு. கவலைப்படவில்லை. பட்டாசாலையின் மூலையில் கிரைண்டருக்கென்று போட்ட பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறது. சன்னல் வழியாகக் கேபிளை இழுத்துச் செருகினோம்.

சிவப்பு.

பிடுங்கிச் செருகினோம். சிவப்பு. ஆறு ஆம்பியருக்கு இறக்கினோம். சிவப்பு. பெட்டியின் சிறிய திரையில் எர்த் இல்லை என்பதற்கான குறி நின்றது. பக்கத்து வீட்டில் கேட்டு அங்கே செருகிப் பார்த்தோம், அங்கும் அதே. எதிர்வீட்டில் புதிதாக மாடி எடுத்திருக்கிறார்கள், அங்காவது இருக்கும் என்று போனால் அங்கும் அதே. ஒரு தெருவையே பெட்டி மறுத்துவிட்டது. கடைக்காரர் சொன்ன பொத்தானை நினைத்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன், விவரமானவன். 'இது ஒண்ணுமில்ல சார். நியூட்ரல்ல இருந்து ஒரு சின்ன வயரை எடுத்து எர்த் பின்னுல குடுத்துட்டா பெட்டி ஏமாந்துரும். அஞ்சு நிமிசம்' என்றான். கையில் ஸ்க்ரூடிரைவரும் இருந்தது. திங்கள் காலை முதல் மணி வகுப்பு எங்கள் இருவருக்கும் இருந்தது. செய் என்று சொல்ல வாயெடுத்தோம்.

அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

'என்னல ஆச்சு?'

'இந்தப் பிளக்குல எர்த்து இல்லையாம்மா.'

'அதான் தெரியுமே. கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்கும்லா. அதுக்குத்தான உங்கப்பா பலகை செஞ்சு போட்டாங்க.'

டார்ச் வெளிச்சம் கிரைண்டரின் காலடிக்குப் போனது. அங்கே இருந்தது அந்தப் பலகை. ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம். பழைய கதவின் துண்டு. கீழே இரண்டு சட்டங்கள். அம்மாவின் பாதங்கள் பட்டுப்பட்டு நடுவில் இரண்டு இடங்கள் வழவழப்பாகக் குழிந்திருந்தன.

அந்தப் பலகை எங்களுக்குப் புதிதன்று. அதன்மேல் நின்றுதான் சிறுவயதில் மாவு வழித்துக் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில், 'பலகைல ஏறி நின்னுக்கிட்டு சுவிச்சப் போடு' என்பது மருமகளுக்கு இந்த வீட்டில் சொல்லப்பட்ட முதல் பாடங்களில் ஒன்று. வாசல்படியில் உட்காராதே, விளக்கு வைத்த பிறகு பெருக்காதே என்பவற்றின் வரிசையில் அதையும் வைத்துவிட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இயற்பியல் தேர்வில் மின்கசிவைப் பற்றி நெட்டுருப் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் இருவரும்.

பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

*

மூன்று முனைப் பிளக்கை ஒரு முறை உற்றுப் பாருங்கள். மேலே இருக்கும் முனை மற்ற இரண்டைவிடத் தடித்தது, நீளமும் கூடியது. அது காரணத்தோடு செய்யப்பட்டது. செருகும்போது முதலில் சேருவதும், பிடுங்கும்போது கடைசியில் பிரிவதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது அமைப்பு. வேலை நடக்கும்போதெல்லாம் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. மின்சாரம் மற்ற இரண்டு முனைகளின் வழியாகவே வந்து போகிறது. ஏதேனும் பிசகி, கருவியின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால் மட்டும் அதற்கு மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் மூன்றாவது துளை. அது இல்லையென்றால் தொடுகிற மனிதர் வழியாகிறார். அம்மாவின் பலகை, அவளை வழியாகாமல் தடுத்துக்கொண்டிருந்த ஒரே தடை. அதுவும் உலர்ந்திருக்கும் மட்டும்தான்.

கார் நிற்பது நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல். அதன் உடம்புக்கும் மண்ணுக்கும் தொடர்பு இல்லை. உள்ளே எங்காவது காப்புறை கெட்டால் முழுக்காரும் மின்னேறி நிற்கும். மழைநாளில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் கதவைத் திறந்தால் போதும். அதனால்தான் பெட்டி முதலில் எர்த் இருக்கிறதா என்று தேடுகிறது. பிறகும் சும்மா இருப்பதில்லை. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் அளவுக்கு வழிதவறினாலே நொடியின் சிறு பகுதிக்குள் கதவை அடைத்துவிடும்.

நியூட்ரலோடு எர்த்தை முடிச்சுப் போடுவது இந்தத் தூதனை ஏமாற்றுவது. தெருக்கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி காற்றில் அறுந்தால், அல்லது மீட்டர்ப் பலகையில் ஒரு திருகு கழன்றால், வீட்டில் எரிகிற விளக்கின் வழியாகவே மின்சாரம் வந்து காரின் உடம்பில் நிற்கும். ஊரில் ஆடிக்காற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கம்பி அறுகிறது. அன்று ஐந்து நிமிட வேலையாக முடிந்திருந்தால், அந்த முடிச்சு கிரைண்டரின் உடம்புக்கும் சேர்த்தே போடப்பட்டிருக்கும். இரண்டுக்கும் பிளக் ஒன்றுதானே.

திங்கள் விடியற்காலையில் காரை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் திருநெல்வேலி வந்தோம். மின்கார் வாங்கியவர்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்த கதை ஆசிரியர் அறையில் ஒரு வாரம் ஓடியது.

*

அடுத்த சனிக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சென்றோம். இளைஞர். மீட்டர்ப் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. வீட்டின் பின்புறத்தில் ஒரு துருப்பிடித்த எர்த் கம்பி மண்ணுக்குள் போனது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

'ஆச்சி, இத்தன வருசமா எப்படி ஓட்டுனிய?' என்றார்.

'பலகை இருக்குல்லா' என்றாள் அம்மா.

கொல்லையில் குழாயடிக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து எட்டடிக்குக் குழி எடுத்தார்கள். துளையிட்ட இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார்கள். கோடையில் வாரம் ஒரு முறை குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னார். அங்கிருந்து மீட்டர்ப் பலகைக்கும், பலகையிலிருந்து பிளக்குகளுக்கும் பச்சைக் கம்பி இழுத்தார். கிரைண்டர் பிளக்குக்குப் பழைய மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுச் செவன் ட்வென்டி போட்டார். மெயினில் ஓர் ஆர்.சி.சி.பி. பொருத்தினார். கடைசியில் கிரைண்டரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அம்மா பலகையில் ஏறி நின்று சுவிட்சைப் போட்டாள். வீடு முழுக்க இருண்டது. மீண்டும் போட்டார்கள், மீண்டும் விழுந்தது. மோட்டாரின் சுருளில் ஈரம் இறங்கிக் காப்பு கெட்டிருக்கிறது. அத்தனை ஆண்டுகளாக அது கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வழி இல்லாததால் உடம்பிலேயே தேங்கி நின்றிருக்கிறது. ஒரு வழி கொடுத்ததும் ஓடிக் காட்டிக்கொடுத்துவிட்டது. மோட்டாரைக் கழற்றி வைண்டிங்குக்குக் கொடுத்தோம். எல்லாச் செலவும் சேர்த்து அந்தப் பெட்டியின் விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆயிற்று. இதைச் செய்ய எங்களுக்குப் பணம் இல்லாமல் இருந்ததே இல்லை. ஒரு கார் சிவப்பு விளக்குப் போட்டுச் சொல்கிறவரை செய்யத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. இந்த வரியை எழுதும்போதும் கூசுகிறது.

அன்று மாலை பெட்டியைச் செருகினோம். பச்சை.

பதினாறில் வைக்கவில்லை. மாலை வேளையில் அந்த ஊரில் வோல்ட்டேஜ் இருநூறுக்குக் கீழேயும் இறங்குவதைப் பெட்டியின் திரையே காட்டியது. வழியெல்லாம் காற்றாலைகள் இருந்தும் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். எட்டு ஆம்பியரில் வைத்தோம். பத்து மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்கு வேண்டியது ஏறிவிடும். வீட்டில் ஃபேனும் ஓட வேண்டும், அம்மாவின் தொலைக்காட்சித் தொடரும் ஓட வேண்டும்.

*

இப்போது யாராவது எங்களிடம் எந்த சார்ஜர் வாங்கலாம் என்று கேட்டால், எது சீக்கிரம் ஏற்றும் என்று தொடங்குவதில்லை. எது குறைவாகக் கேட்கத் தெரிந்தது, எது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது என்று பாருங்கள் என்கிறோம். ஆறு ஆம்பியர் வரை இறங்கக் கூடியதாக இருக்கட்டும். எர்த் சோதனையை நிறுத்தி வைக்கும் பொத்தான் இருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். பிளக்குக்குள்ளேயே சூட்டை அறியும் உணரி இருந்தால் நல்லது. மழையில் நிற்கும் என்பதற்கான ஐ.பி. எண் 65 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம் என்பதற்காகவே கேபிள் நீளமாக இருக்கட்டும். ஐந்து மீட்டர் பல வீடுகளில் சன்னலைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டுக் கடை ஏறுங்கள்.

பயணத்துக்கான சார்ஜர் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அது பிறர் வீட்டு மின்சாரத்தைக் கேட்பது. செல்பேசிக்குக் கேட்பதுபோல் இதைக் கேட்க முடியாது. ஓர் இரவில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் பதினைந்து யூனிட் சில வீடுகளில் ஒரு வாரச் செலவு. வீட்டுக் கணக்கில் யூனிட் ஏற ஏற விலைப்படியும் ஏறும். எங்கள் பதினைந்து அவர்களை மேல்படிக்குத் தள்ளிவிடவும் கூடும். உறவினர்கள் பணம் வாங்க மாட்டார்கள். 'ஒரு காருக்குக் கரண்ட் குடுத்தா நாங்க கொறஞ்சு போயிருவோமா?' என்று சித்தப்பா ஒருவர் கோபித்துக்கொண்டார். இல்லையென்று சொல்லத் தெரியாதவர்களிடம் கேட்கும்போது, கேட்கிறவர்தான் அளவு அறிந்திருக்க வேண்டும். எனவே முதலில் அந்தப் பிளக் எதற்குப் போட்டது என்று கேட்கிறோம். ஆறிலோ எட்டிலோ தொடங்குகிறோம். அரைமணி கழித்துப் போய், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறோம். சிவப்பு எரிந்தால், அந்த வீட்டுக்காரரிடம் காரைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் கிரைண்டர், வாஷிங் மெஷின், குளிர்பெட்டி எதுவும் தொட்டால் சுர்ரென்கிறதா என்று கேட்கிறோம். இதுவரை இரண்டு வீடுகளில் ஆமாம் என்றார்கள், மிகச் சாதாரணமாக.

கிரைண்டர் வைண்டிங் ஆகி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அதே பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

'இப்பத்தான் அடிக்காதேம்மா. அதை எடுத்துரலாம்லா?'

'தெரியும்ல. கால் பழகிட்டு' என்றாள்.

நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அரைத்து முடியும்வரை காத்திருந்து, பெட்டியை எட்டில் வைத்துச் செருகினோம். அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தோம். சூடு இல்லை.